இடது சுண்டுவிரல்

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் கோவில்பட்டியில் விளாத்திகுளம் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், எட்டையபுரம் வருவதற்குள் இசக்கிச்செல்வி வேலையை ராஜினாமா செய்துவிடுவாள். மனசுக்குள்தான். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுவிடுவாள். விளாத்திகுளத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது, முந்தின மாசம் அவள் பிரசவம் பார்த்த எவளாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து "நர்ஸம்மா, உங்க பிள்ளையப் பாருங்க" என்று நீட்டுவாள். அவ்வளவுதான், கடிதம் கிழிந்து போகும். நாலரை வருஷமாக வாரம் தவறாமல் நடந்துவந்த காரியம் இது.

அவள் கிராம சுகாதார செவிலியர். குளத்தூரை ஒட்டி ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலை. நிலையத்தோடு சேர்ந்தே குடியிருப்பு. அங்கேயே தங்க வேண்டும், எந்த நேரத்திலும் வலி எடுத்து ஒருத்தி வந்து நிற்பாள். புருஷன் லிங்கராஜுக்குக் கோவில்பட்டியில் சைக்கிள் சாமான் கடை. கடையை விட்டு அவன் வர முடியாது, நிலையத்தை விட்டு இவள் போக முடியாது. ஆக, சனிக்கிழமை சாயங்காலம் போய் திங்கட்கிழமை காலையில் திரும்புகிற குடும்ப வாழ்க்கை. நடுவில் முழுசாக ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மகள் சத்யபிரியா பிறந்து விடுப்பு முடிகிற நேரத்தில், பிள்ளையை யார் பார்ப்பது என்று இரண்டு பேரும் முழித்துக்கொண்டு நின்றபோது லிங்கராஜின் அக்காள் பத்திரகாளி வந்து இறங்கினாள். கழுகுமலையில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை கிடையாது. ஒரு தகரப்பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, "நீ வேலைக்குப் போட்டி செல்வி. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். அன்றைக்கு இசக்கிச்செல்வி நாத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நன்றியில் அழுத அழுகை அது, பொய்யில்லை.

அந்த நன்றி எந்த வாரத்தில் புளித்துப் போனது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. முதல் பல் முளைத்ததைப் பத்திரகாளிதான் பார்த்தாள். எழுந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை. அடி எடுத்து வைத்தது ஒரு வியாழக்கிழமை. பிள்ளை ஏதாவது புதுசாகச் செய்ய வேண்டும் என்றால் திங்களிலிருந்து வெள்ளிக்குள் நாள் பார்த்துச் செய்தது. சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், "செல்வி, ஒனக்கு விஷயம் தெரியுமா" என்று பத்திரகாளி ஆசையாக ஆரம்பிப்பாள். இவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு கேட்டு முடிப்பதற்குள் உயிர் போய்விடும். பொறாமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனால் அது அவளுக்குச் செய்கிற அநியாயம். தினமும் பிள்ளைக்குத் தலை வாருகிற அந்த வீட்டுச் சீப்பு மேல்கூட அவளுக்குப் பொறாமை இருந்தது.

ஒரு தடவை இந்தப் பொறாமை பிள்ளையின் மூக்கு வழியாக ஒழுகியது. வெள்ளிக்கிழமைதோறும் சத்யாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது பத்திரகாளி. பெண் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமைதானே எண்ணெய்க் குளி. அதில் யார் என்ன சொல்ல முடியும். இவளுக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானும் ஒரு கிண்ணம் எண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "முந்தாநாதான் தேய்ச்சேன் செல்வி" என்று பத்திரகாளி சொன்னாள். "எம் பிள்ளைக்கு நான் தேய்க்கக் கூடாதா" என்று கேட்டாள் இவள். பத்திரகாளி அடுப்படிக்கு எழுந்து போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை பிள்ளைக்குச் சளி கட்டி, புதன்கிழமை காய்ச்சல். வாரம் முழுக்க ஊரார் பிள்ளைகளின் நெஞ்சில் காதை வைத்துச் சளி பார்க்கிறவள், தன் பிள்ளைக்குத் தானே சளி பிடிக்க வைத்துவிட்டுக் குளத்தூரில் உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் பத்திரகாளி ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருக்கலாம்.

இன்னொன்றும் இருந்தது. சனிக்கிழமை சத்யா அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் படுப்பாள். கண்ணைச் சொக்கும் நேரத்தில் அந்தச் சின்னக் கை அம்மாவின் கன்னத்துக்கு வரும். அப்படியே காது வரைக்கும் போய்த் தடவும். பிறகு, சந்தையில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போடுகிற மாதிரி விட்டுவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அந்தப் பக்கம் புரண்டு அத்தையோடு ஒட்டிக்கொண்ட இரண்டாவது நிமிஷம் பிள்ளை உறங்கிவிடும். இசக்கிச்செல்வி முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். தன் முகத்தில் அப்படி என்ன குறை கண்டது அந்தக் கை என்று யோசித்து யோசித்துப் பார்ப்பாள்.

பத்திரகாளியின் காதையும் அவள் விடவில்லை. புருஷன் செத்தபோதுகூடக் கழற்றாத தோட்டை, இந்த வீட்டுக்கு வந்த இரண்டாவது மாசம் பத்திரகாளி கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். மூளிக் காதோடுதான் தண்ணீருக்கும் போனாள், கல்யாண வீட்டுக்கும் போனாள். தம்பி பிள்ளைக்காக எல்லாத்தையும் துறந்துட்டா பாவம் என்று தெரு பேச வேண்டும், அதற்குத்தான் இந்த வேஷம் என்று இசக்கிச்செல்வி முடிவு கட்டியிருந்தாள். தெருவும் அப்படித்தான் பேசியது. அது வேறு எரிச்சல்.

2002ஆம் வருஷம் சத்யாவின் பள்ளிக்கூடப் பேச்சு வந்தது. ஜூனில் ஒண்ணாம் வகுப்பு. பிள்ளையைத் தன்னோடு வைத்துக் குளத்தூரில் சேர்க்க வேண்டும் என்பது இசக்கிச்செல்வியின் கட்சி. பக்கத்திலேயே அங்கன்வாடி, அதை நடத்துகிற சந்தனமாரி கூடப்பிறந்தவள் மாதிரி. இவள் வேலையாகப் போனால் அவள் பார்த்துக்கொள்வாள். "கோயில்பட்டில இல்லாத பள்ளிக்கொடமா" என்பது லிங்கராஜின் கட்சி. பத்திரகாளி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அதுவே பெரிய தந்திரமாக இவளுக்குப் பட்டது. பேசிப் பேசி ஓய்ந்து கடைசியில் லிங்கராஜ், "பிள்ள அங்கன வந்து பாக்கட்டும். அம்மாகூட அங்கனயே இருக்கேன்னு அவ வாயால சொன்னா கூட்டிக்கிட்டுப் போ. நான் குறுக்க நிக்கல" என்று சொல்லிவிட்டான்.

அதற்குத் தோதாக வந்தது போலியோ சொட்டு மருந்து நாள். அந்த நாள் எப்போதும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத்தான் வரும். ஐந்து வயதுக்கு உட்பட்ட அத்தனை பிள்ளைகளுக்கும் அன்றைக்கு ஊற்றியாக வேண்டும். இவளுக்கு ஊருக்குப் போக வழியில்லை. உப்பளத்துப் பிள்ளை, ஆட்டுக்கிடை போட்டிருக்கிற கோனார் வீட்டுப் பிள்ளை, பஸ்ஸில் போகிற வழிப்போக்கர் பிள்ளை என்று பார்க்காமல் எல்லார் வாயிலும் ஊற்றிய கை, தன் பிள்ளை வாயில் மட்டும் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. கோவில்பட்டித் தெருமுனை முகாமில் யாரோ ஒரு டீச்சர் ஊற்றுவார். மடியில் வைத்து வாயைத் திறந்து பிடிப்பது பத்திரகாளி. அடுத்த சனிக்கிழமை இவள் போய்ப் பார்க்கும்போது, சத்யாவின் இடது சுண்டுவிரல் நகத்தில், மருந்து கொடுத்தாயிற்று என்பதற்கு அடையாளமாக வைத்த மை மட்டும் மிச்சமிருக்கும்.

மாசி பிறந்தால் சத்யாவுக்கு ஐந்து முடிகிறது. அதற்குப் பிறகு அவளுக்குச் சொட்டு மருந்து கிடையாது. இந்தத் தை மாசத்து ஞாயிறு போனால் போனதுதான்.

முந்தின ஞாயிற்றுக்கிழமையே இசக்கிச்செல்வி சொல்லிவிட்டாள். "மைனி, வார ஞாயித்துக்கிழம தெருவுல ஊத்திராதீங்க. பிள்ளயக் கூட்டிக்கிட்டு அங்கன வாங்க. எங் கையாலதான் ஊத்தணும்."

"எவ ஊத்துனா என்ன, மருந்து ஒண்ணுதான" என்று லிங்கராஜ் சிரித்தான். இவள் பார்த்த பார்வையில் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டான்.

"சரிட்டி, கூட்டிட்டு வாரேன்" என்றாள் பத்திரகாளி.

அந்த ஞாயிறு வந்தது. நிலையத்து வாசலில் மேசை போட்டு, ஐஸ் பெட்டியைப் பக்கத்தில் வைத்து, ஏழு மணிக்கெல்லாம் இசக்கிச்செல்வியும் சந்தனமாரியும் உட்கார்ந்துவிட்டார்கள். இவள் சொட்டு ஊற்ற, அவள் மை வைக்க. உப்பளத்துக்குப் போகிறவர்கள் போகிற வழியில் பிள்ளைகளைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனார்கள். "என்ன நர்ஸம்மா, இன்னைக்குப் பூவெல்லாம் வச்சிருக்கீக" என்று ஒருத்தி கேலி பண்ணினாள். "அக்கா மக வாராள்லா" என்று சந்தனமாரி ஊருக்கே அறிவித்தாள். ஐஸ் பெட்டிக்குள் ஒரு குப்பியை உடைக்காமல் இசக்கிச்செல்வி தனியாக ஒதுக்கி வைத்திருந்தாள். எல்லாக் குப்பியிலும் ஒரே மருந்துதான் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் ஒதுக்கி வைத்திருந்தாள்.

ஒன்பது மணி பஸ்ஸில் வரவில்லை. பதினொரு மணி பஸ்ஸில் வந்தார்கள். பச்சைப் பாவாடையும் ரெட்டைச் சடையுமாக சத்யா இறங்கி ஓடிவந்தாள். மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பொம்பிளைகள் பிள்ளைகளோடு நின்றார்கள். இசக்கிச்செல்வி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துபோய் மகளை வாரி எடுத்தாள். அந்தச் சந்தோஷத்தில் பிள்ளையின் கையை எடுத்து முத்தம் கொடுக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

இடது சுண்டுவிரல் நகத்தில் மை.

வாரம் முழுக்க சேர்த்து வைத்திருந்தது, வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தது, எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு பத்திரகாளியைப் பார்த்தாள்.

"ஊத்தியாச்சா?"

"செல்வி, அது வந்து..."

"ஒண்ணும் பேசாதீங்க. நான் என்ன சொன்னேன்? படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா, எங் கையால ஊத்தணும்னு. பெத்தவளுக்குன்னு ஒண்ணே ஒண்ணு விட்டு வைக்கப் பொறுக்கலியா உங்களுக்கு? குளிப்பாட்டுனீங்க, சோறு ஊட்டுனீங்க, நட பழக்குனீங்க. இந்த ரெண்டு சொட்டையும் எனக்கு விட்டுத் தந்தா என்ன கொறஞ்சா போயிருவீங்க?"

"நான் சொல்லுதத மொதல்ல கேளுட்டி."

"கேட்டதெல்லாம் போதும் மைனி. நாலரை வருசமா சனிக்கிழம சனிக்கிழம நீங்க சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டுதான இருக்கேன்."

நின்ற பொம்பிளைகள் அவரவர் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு எங்கோ பார்த்தார்கள். சந்தனமாரி மெதுவாக, "அக்கா, இன்னும் ரெண்டு சொட்டு ஊத்துனா என்ன. எத்தன தடவ குடுத்தாலும் ஒண்ணும் செய்யாதுன்னு நீங்கதான சொல்லுவீக" என்றாள்.

"இன்னொருத்தி ஊத்துனதுக்கு மேல நான் என்னத்துக்கு ஊத்த?" என்றாள் இசக்கிச்செல்வி. பிறகு பத்திரகாளியிடம் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "ஜூன் மாசம் எம் பிள்ள இங்கன வந்துரும். அவகிட்டயும் கேக்காண்டாம், ஒங்க தம்பிகிட்டயும் கேக்காண்டாம். முடிஞ்சு போச்சு."

பத்திரகாளியும் ரோஷக்காரிதான். கொண்டுவந்த தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, அங்கன்வாடிப் பக்கம் வேப்பமரத்து நிழலில் போய் உட்கார்ந்தாள்.

மத்தியானம் இசக்கிச்செல்வி சாப்பிடவில்லை. ஒவ்வொரு பிள்ளை வாயிலும் இரண்டு சொட்டு, இரண்டு சொட்டு என்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தாயும் பிள்ளையை மடியில் வைத்து வாயைத் திறந்து பிடித்தபோது அவளுக்கு ஒவ்வொருத்தி மேலும் பொறாமையாக இருந்தது. மூக்கு ஒழுகும் பிள்ளையை அடித்து இழுத்து வந்தவள் மேல்கூட. இழுத்து வந்தாலும் பெற்றவள்தானே இழுத்து வருகிறாள். தூரத்தில் வேப்பமரத்தடியில் சத்யா எதையோ கேட்பதும் பத்திரகாளி குனிந்து பதில் சொல்வதும் தெரிந்தது. பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள். வாயைத் துடைத்துவிடுகிறாள். ஜூன் வரட்டும் என்று இசக்கிச்செல்வி பல்லைக் கடித்தாள்.

நாலரை மணிக்குக் கூட்டம் ஓய்ந்தது. அங்கன்வாடிப் பிள்ளைகளோடு கரிசல் மண்ணில் புரண்டு விளையாடிவிட்டு சத்யா கை கால் எல்லாம் கறுப்பாக வந்து நின்றாள். பத்திரகாளி எழுந்திருக்கப் பார்த்தாள். "நான் கழுவிக்கிடுதேன்" என்று இவள் முந்திக்கொண்டு பிள்ளையைத் தொட்டியடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். இதையாவது நான் செய்கிறேனே. காலைத் தேய்த்தாள், முழங்கையைத் தேய்த்தாள், சோப்புப் போட்டு விரல் விரலாகத் தேய்த்தாள்.

தண்ணீர் நீலமாக ஓடியது.

அவள் கையை நிறுத்தினாள். முகாம் மை சோப்புக்குப் போகாது. ஒரு வாரம் ஆனாலும் அழியாது; அதற்குத்தானே அந்த மை. அதுவும் இந்த மாதிரி பளீரென்று இருக்காது, கறுத்துக் கிடக்கும். காலையிலிருந்து இருநூறு விரலைப் பார்த்தவள், தன் பிள்ளை விரலை மட்டும் பார்க்கவில்லை.

"சத்யா, இது யாரு வச்சா?"

"அத்தை."

"எதுல வச்சா?"

"துணிக்குப் போடுவோம்லா, சொட்டு நீலம். தீக்குச்சியால தொட்டு வச்சா."

"நீ இன்னைக்கு சொட்டு மருந்து குடிச்சியாம்மா?"

"இல்ல." பிள்ளை தண்ணீரை அளைந்துகொண்டே சொன்னாள். "பஸ் ஸ்டாண்டுல ஒரு அக்கா வந்து வாயத் தொறன்னா. அத்தை எங் வெரலக் காட்டுனா. எட்டையபுரத்துல ஒரு மாமா பஸ்ஸுக்குள்ளயே ஏறி வந்தாவ. அப்பமும் காட்டுனோம். பெறவு இன்னொரு ஊருலயும் காட்டுனோம். அம்மாதான் ஊத்தணுமாம். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அத்தை சொன்னா."

மூன்று பஸ் நிலையம். மூன்றிலும் ஆள் நிறுத்தி, வருகிற போகிற பிள்ளைகளுக்கெல்லாம் விடாமல் ஊற்றச் சொல்லியிருந்தது. ஒரு பிள்ளையையும் விடாதீர்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி அனுப்புகிற கட்சியைச் சேர்ந்தவள்தான் இசக்கிச்செல்வியும். அந்த மூன்று பேரையும் ஏமாற்றி, இரண்டு சொட்டும் குறையாமல் பிள்ளையை இவள் கைக்கு அப்படியே கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள் பத்திரகாளி. இவள் அவளை வைத்து நடுவாசலில் ஏழெட்டுப் பேர் பார்க்க நாறடித்தாள்.

அப்போது ஜீப் சத்தம் கேட்டது. ஐஸ் பெட்டியை எடுத்துப்போக ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வண்டி வந்துவிட்டது. சந்தனமாரி பெட்டியைத் தூக்கி டிரைவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இசக்கிச்செல்வி ஈரக் கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "அண்ணாச்சி, பெட்டிய எறக்குங்க. ஒரு பிள்ள பாக்கி." வேப்பமரத்தடியில் பத்திரகாளி எழுந்து நின்றாள். பத்திரகாளி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல் பிள்ளையை மடியில் சாய்த்து வாயைத் திறந்து பிடித்தாள். ஒதுக்கி வைத்த குப்பியை இசக்கிச்செல்வி உடைத்தாள். இரண்டு சொட்டு. சத்யா முகத்தைச் சுளித்து, திரும்பி, அத்தையின் சேலையில் வாயைத் துடைத்துக்கொண்டு அவள் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்திலும் இசக்கிச்செல்விக்கு வயிறு எரிந்தது. பொறாமை போய்விட்டது என்று நான் எழுதினால் அது பொய். கூடத்தான் செய்தது. இப்படி நல்லவளாக இருக்க ஒருத்திக்கு எப்படி முடிகிறது என்று அதன் மேலும் ஒரு பொறாமை வந்து உட்கார்ந்துகொண்டது. வெளிறிய நீலத்துக்கு மேலேயே அவள் மையை வைத்தாள்.

"ஏன் மைனி சொல்லல?"

"நீ எங்கட்டி சொல்ல விட்ட?" என்றாள் பத்திரகாளி. "வண்டி கெளம்புததுக்குள்ள சொல்லியிருப்பேன். அதுவரைக்கும் கெடந்து வேகட்டும்னு விட்டுட்டேன். எனக்கும் கோவம் வரும்லா."

ஐந்தரை மணி பஸ்ஸுக்கு மூன்று பேரும் ஊர் பிரிகிற ரோட்டு விலக்கில் போய் நின்றார்கள். வெயில் இறங்கி, மிளகாய்த் தோட்டத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. மன்னிப்புக் கேட்க இசக்கிச்செல்விக்கு நாக்கு எழவில்லை. வேறு எதையாவது கொடுத்துவிட வேண்டும் போல இருந்தது. காலையில் எல்லார் முன்னாலும் பறித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். லிங்கராஜ் சொன்னபடி பிள்ளையிடமே கேட்டுவிடுவோம், அது மாட்டேன் என்றுதான் சொல்லும், அத்தோடு போகட்டும். மகளுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"சத்யா, ஜூன் மாசம் பள்ளிக்கொடம்லா. அம்மாகூட இங்கன இருந்து படிக்கியா, இல்ல அங்கனயா?"

சத்யா அண்ணாந்து அத்தையைப் பார்த்தாள். "அத்தையும் இங்கன வருமா?"

பத்திரகாளி சொன்னாள். "அத்தை அங்கன அப்பாவுக்குச் சோறு ஆக்கணும்லா. நான் சனிக்கிழம சனிக்கிழம சாயங்காலம் வாரேன். திங்கக்கிழம காலைல போயிருவேன். நடுவுல ஞாயித்துக்கிழம பூரா ஒங்கூடதான்."

பிள்ளை கொஞ்சம் யோசித்தது. "அப்பம் சரி. இங்கன வெளையாட நெறைய ஆளு இருக்கு" என்றது. அவ்வளவுதான். கல்லைப் பொறுக்கப் போய்விட்டது.

கேட்டது கிடைத்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து திங்கட்கிழமை காலை வரைக்கும் என்றால் எவ்வளவு நேரம் என்று அந்த ஜில்லாவிலேயே அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. அதைத்தான் இப்போது இன்னொருத்திக்குக் கொடுக்கிறாள்.

"மைனி, வேண்டாம். காலைல கோவத்துல சொன்னேன்."

"கோவத்துல சொன்னாலும் பெத்தவ நீதான. பிள்ளயும் வாரேன்னு சொல்லியாச்சு. நான் குறுக்க நின்னா நல்லாவா இருக்கும்?" பத்திரகாளி முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். வியர்வை மாதிரிதான் துடைத்தாள். தூரத்தில் பஸ் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவசரம் அவசரமாகப் பேசினாள். "ஒண்ணு சொல்லணும். உறங்கும்போது இவளுக்குக் காது வேணும். காது மடலப் பிடிச்சு நீவிக்கிட்டேதான் உறங்குவா, ஆறு மாசப் பிள்ளையிலேருந்து. தோடு கெடந்தா பிடிக்காது. கையில குத்தும், எடுத்துருவா. எங் காதுல கெடந்தத அதுக்குத்தான் கழத்திப் போட்டேன். நீயும் கழத்திரு. இல்லன்னா உறங்க மாட்டா, அழுவா."

"இத இத்தன நாளா ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேட்டதே இல்லியேட்டி" என்றாள் பத்திரகாளி. பிறகு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு, "நானும் சொல்லல. அது ஒண்ணு எனக்கு மட்டும் தெரிஞ்சதா இருக்கட்டும்னு வச்சுக்கிட்டேன்" என்றாள்.

பஸ் வந்து நின்றது. பத்திரகாளி பிள்ளையை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். ஜன்னல் வழியாக சத்யா இடது சுண்டுவிரலை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். அவளுக்குப் பின்னால் பத்திரகாளியின் மூளிக் காது வெயிலில் தெரிந்தது.

பஸ் திரும்பி மறைந்த பிறகும் இசக்கிச்செல்வி விலக்கிலேயே நின்றாள். இரண்டு கையையும் தூக்கி, வலது காதுத் தோட்டின் திருகாணியைத் திருகினாள். கல்யாணத்துக்குப் போட்டது, சீக்கிரம் கழலவில்லை. விடாமல் திருகிக் கழற்றினாள். இடதையும் கழற்றி இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.